வடித்த தண்ணீர்

சுரைக்காயில் நகம் பதிந்த பிறகுதான், தான் என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்பது துளசிமணிக்கு உறைத்தது. வாங்கும் எண்ணமே இல்லாத காயை எடுத்துத் திருப்பிப் பார்த்து, காம்பை அமுக்கி, நகத்தால் குத்தியும் ஆயிற்று. நகம் அழுத்தாமலே இறங்கிவிட்டது, அப்படியொரு பிஞ்சு. குத்திய இடத்தில் ஒரு சொட்டு நீர் துளிர்த்து நின்றது. கடை போட்டிருந்த சரசாள், விடியறதுக்குள்ள பறிச்சதுங்கக்கா எடுத்துக்கங்க என்றாள். அவள் பொய் சொல்ல மாட்டாள், மொடக்குறிச்சிப் பக்கம் அவளுக்கு ஒன்றரை ஏக்கர் தோட்டம் இருக்கிறது, உழவர் சந்தை தொடங்கிய காலத்திலிருந்து இதே இடத்தில்தான் உட்கார்கிறாள். நகக்குறி பட்ட காயை இனி வேறு யார் வாங்குவார்கள் என்று கூசி, துளசிமணி அதைப் பையில் போட்டுக்கொண்டு நகர்ந்தாள். வெள்ளிக்கிழமை. மணி எட்டுகூட ஆகவில்லை. இரண்டு தெரு தள்ளி இருக்கும் ஆஸ்பத்திரியில் அவளுடைய கணவர் சென்னியப்பன் இடது கையில் இரண்டு ஊசியோடு படுத்திருக்கிறார், ரத்தம் ஒரு குழாய் வழியாக மிஷினுக்குப் போய் இன்னொரு குழாய் வழியாகத் திரும்பி வருகிறது. சிறுநீரகம் இரண்டும் கைவிட்டு எட்டு மாதம் ஆகிறது. செவ்வாயும் வெள்ளியும் ஏழு மணிக்குப் படுத்தால் பதினொன்றுக்குத்தான் எழுப்பி விடுவார்கள். அந்த நான்கு மணி நேரம் துளசிமணியின் கணக்கில் சந்தைக்கான நேரம். ஆனால் இன்றைக்கு அவள் வந்தது காய்க்காக மட்டும் இல்லை. இரண்டு வாரத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் உயிர் போய்த் திரும்பியதே, அது அவர் திருட்டுத்தனமாகக் குடித்த இளநீரால் வந்ததா, இவள் ஆசையாக வைத்துக் கொடுத்த ரசத்தால் வந்ததா. பதினொரு மணிக்குள் அதைத் தெரிந்துகொண்டாக வேண்டும். தெரிந்த பிறகு அவரிடம் சொல்வதா, வாயை மூடிக்கொண்டு இருப்பதா என்றும் முடிவு செய்தாக வேண்டும். இளநீர்க்காரர் சந்தைக்கு மேற்கு வாசலில் இருக்கிறார். ஒரு நிமிஷ நடை. துளசிமணி கிழக்குப் பக்கமாகத் திரும்பிக் கத்தரிக்காயைப் பார்க்கப் போனாள்.

கத்தரிக்காயைப் பார்த்தாலே அவர் ஞாபகம்தான். காம்பின் தொப்பி காயை விட்டு விலகியிருந்தால் நேற்றுப் பறித்தது, இறுக்கிப் பிடித்திருந்தால் இன்றைக்கு. வெண்டையின் நுனியை ஒடித்தால் சத்தம் வர வேண்டும், வளைந்தால் வேண்டாம். முருங்கைக்காயை முறுக்கிப் பார். கல்யாணமான புதிதில் இதையெல்லாம் அவர் பாடம் நடத்துகிற மாதிரி சொன்னபோது அவளுக்குச் சிரிப்பு வந்தது. அவள் பிறந்த வீட்டில் ஆண்கள் அடுப்படிப் பக்கம் தலை காட்ட மாட்டார்கள், இவரோ பறித்தது எப்போது என்று கேட்காமல் சோற்றில் கை வைக்க மாட்டார். முப்பத்தோரு வருஷம், தறிக்குடோனுக்குப் போகும் முன்னால் சைக்கிளில் சந்தைக்கு வந்து அன்றைக்கு வேண்டியதை அன்றைக்கே வாங்கிப் போட்டுவிட்டுத்தான் மறுவேலை. பவானி ஆற்றைத் தாண்டி வருகிற காய்க்கு அவரிடம் மரியாதை கிடையாது. ஊட்டி கேரட்டை வெளியூர்க்காரன் என்பார். மகள் மேகலா பத்தாவது படிக்கும்போது அடம் பிடித்து ஃபிரிட்ஜ் வாங்க வைத்தாள். அவரும் வாங்கினார், ஆனால் அதற்குள் தண்ணீரும் இட்லி மாவும் தவிர எதுவும் போகக் கூடாது என்று சட்டம் போட்டார். மாவுகூட இரண்டாம் நாள் வரைக்கும்தான். மூன்றாம் நாள் மாவில் தோசை சுட்டால், சட்னியே தொடாமல் ஒரு வாய் தின்றுவிட்டு, ஏம்புள்ள இது எப்பத்திய மாவு என்று கேட்பார். நாக்கா அது, போலீஸ் நாய். ஊரில் விசேஷத்துக்குப் போய் வந்தால் பட்டாணி ஐஸ் பட்டாணி என்று தெரிந்துபோய் வண்டியில் வரும் வழியெல்லாம் புலம்புவார். அந்த மனிதருக்குத்தான் இப்போது வாயெல்லாம் துரு பிடித்த மாதிரி இருக்கிறதாம். எதைத் தின்றாலும் இரும்பு ருசி. அதைக் கேட்ட அன்றைக்கு துளசிமணி குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். நோவு வந்தது கிடக்கட்டும், கிட்னி போனதும் கிடக்கட்டும், போயும் போயும் நாக்கில் வந்து கை வைத்ததே என்று ஆற்றாமையாக இருந்தது.

இந்த வியாதி எல்லாவற்றையும் தலைகீழாகத் திருப்பிப் போட்டுவிட்டது. பச்சையாக, இளசாக, பறித்த வாசனையோடு எது இருக்கிறதோ அதெல்லாம் அவருக்கு ஆகாது. கீரை ஆகாது, தக்காளி அளவோடு, வாழைப்பழம் கூடவே கூடாது, இளநீர் என்றால் பேச்சே இல்லை. காய்க்குள் பொட்டாசியம் இருக்கிறதாம், அது நமக்கு நல்லதாம், அவருக்கு விஷமாம். கிட்னி அதை வெளியே தள்ளாது, ரத்தத்திலேயே நின்றுகொண்டு இதயத்தை நிறுத்திவிடும். ஆஸ்பத்திரியில் சாப்பாடு சொல்லித் தருகிற ஷெரின் என்று ஒரு பெண், மேகலாவைவிட வயது குறைவாக இருக்கும், பொறுமையாக எழுதிக் கொடுத்திருந்தாள். காயைத் தோல் சீவிச் சின்னதாக நறுக்கி வெந்நீரில் ஊற வைக்க வேண்டும், அப்புறம் நிறையத் தண்ணீரில் வேக வைத்து வடிக்க வேண்டும், அப்புறம்தான் தாளிப்பு. சரி, பச்சை வேண்டாம், வத்தல் போடலாமா என்று இவள் கேட்டாள். வீட்டில் சுண்டை வத்தல், கொத்தவரை வத்தல், மோர் மிளகாய், மாவடு, எலுமிச்சை ஊறுகாய் என்று அலமாரி நிறைய இருக்கிறது, போன சித்திரை வெயிலில் மொட்டை மாடியில் காக்கை விரட்டிக் காய வைத்தது. ஷெரின் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். உப்பும்மா, உப்பு அவருக்கு ஒத்துக்காது, தாகம் எடுக்கும், தண்ணி குடிச்சா வீங்கிரும். ஆக, அன்றைக்குப் பறித்ததும் கூடாது, உப்புப் போட்டுக் காப்பாற்றியதும் கூடாது. மிச்சம் என்னதான் இருக்கிறது என்று கேட்டபோதுதான் அந்தப் பெண் சொன்னாள், கடையில பாக்கெட்டுல ஐஸ் வெச்சு விக்கறாங்களே பீன்ஸ், பட்டாணி, உப்பில்லாததாப் பாத்து அளவா வாங்கிக்கலாம், அதையும் வேக வெச்சு வடிச்சிருங்க. துளசிமணிக்கு முதலில் இது ஏதோ விளையாட்டு என்றுதான் தோன்றியது. எந்த ஊரில் எப்போது விளைந்தது என்று பெற்ற தாய்க்கே தெரியாத பட்டாணி, மாதக்கணக்கில் பனிக்கட்டியில் கிடந்தது, அதைச் சாப்பிடலாம். சரசாளின் தோட்டத்து முருங்கைக் கீரை கூடாது. கடைசியில் அந்த ஃபிரிட்ஜில் இப்போது கருவேப்பிலைக்குக்கூட இடமில்லை, மேல் தட்டில் அவருக்கு ரத்தம் ஊறப் போடுகிற ஊசி மருந்து பெட்டியோடு உட்கார்ந்திருக்கிறது, கீழே பாக்கெட் பீன்ஸ். அதைத் திறக்கும்போதெல்லாம் அவர் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்வார்.

அவள் முதலில் பாக்கெட் வாங்கவில்லை. அந்த வீம்புதான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம் என்று இப்போது தோன்றுகிறது. இத்தனை வருஷம் அன்றன்றைக்குப் பறித்ததைத் தின்ற மனிதருக்குக் கடைசிக் காலத்தில் ஐஸ் பீன்ஸா போடுவது என்று ரோஷம். கடைசிக் காலம் என்று நினைத்ததும் துளசிமணி நின்று, கத்தரிக்காய்க் குவியலின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். அப்படி நினைக்கக் கூடாது. டயாலிசிஸ் பண்ணிக்கொண்டு பதினைந்து வருஷம் இருக்கிறவர்கள் உண்டு என்று பக்கத்துப் படுக்கைக்காரர் சொல்லியிருக்கிறார். சரி, அது இருக்கட்டும். பாக்கெட்டும் வேண்டாம், கெடுதலும் வேண்டாம், நம் காயையே வாங்குவோம், ஷெரின் சொன்ன மாதிரியே செய்வோம் என்று அவள் செய்தாள். ஒரு எழுத்துப் பிசகாமல் செய்தாள். தோல் சீவினாள், பொடியாக நறுக்கினாள், ஊற வைத்தாள், அகலமான பாத்திரத்தில் நிறையத் தண்ணீர் விட்டு வேக வைத்தாள், வடிதட்டு வைத்து வடித்தாள். காய் தட்டில் நின்றது, வெளுத்துப்போய், வாசனை இல்லாமல், ஊரைவிட்டுப் போன வீட்டின் சுவர் மாதிரி. தண்ணீர் கீழே பாத்திரத்தில் நின்றது. வெதுவெதுப்பாக, இளம்பச்சையாக, அவரைக்காய் வாசனையும் பீன்ஸ் வாசனையும் சுரைக்காயின் இனிப்புமாக. காயில் இருந்த அத்தனையும் அதில்தான் இருக்கிறது என்று முகர்ந்தாலே தெரிந்தது. அந்தத் தண்ணீரை யாராவது சாக்கடையில் ஊற்றுவார்களா. அவளுடைய முப்பது வருஷ அடுப்படியில் ஒரு நாளும் காய் வெந்த தண்ணீர் கீழே போனதில்லை. பருப்புத் தண்ணி, கொள்ளு வேக வைத்த தண்ணி, முருங்கைக்காய் வெந்த தண்ணி எல்லாமே ரசத்துக்குத்தான். சத்தெல்லாம் தண்ணீல இருக்குது என்று எத்தனை பேரிடம் அவளே சொல்லியிருக்கிறாள். மருமகள் முறையில் வீட்டுக்கு வந்த பெண்கள் வடித்ததைக் கொட்டினால் கண்டித்திருக்கிறாள். அதனால் கை தானாகப் போனது. புளியைக் கொஞ்சம் குறைத்து, மிளகு சீரகத்தைத் தட்டி, பூண்டு நசுக்கி, அந்தத் தண்ணீரிலேயே ரசம் கூட்டி, நுரை கட்டியதும் இறக்கினாள்.

அவர் சாப்பிட்டார். அதுதான் இப்போதும் நெஞ்சை அறுக்கிறது. மூன்று மாதமாகத் தட்டைத் தள்ளித் தள்ளி வைத்தவர், அன்றைக்கு ரசத்தை விட்டுப் பிசைந்து ஒரு வாய் வைத்ததும் நிமிர்ந்து பார்த்தார். துரு ருசி தெரியலை புள்ள என்றார். குடிக்கிற தண்ணீர்க் கணக்கில் ஒரு டம்ளரைக் குறைத்துக்கொண்டு இன்னொரு கரண்டி ரசம் கேட்டார். அவளுக்குத் தாலி கட்டிய அன்றைக்குக்கூட அவ்வளவு சந்தோஷம் வந்ததில்லை என்று சொன்னால் பொய்யில்லை. மறுநாளும் அப்படியே, அதற்கு மறுநாளும். முகத்தில் கொஞ்சம் களைகூட வந்தது. பழையபடி சாயங்காலம் மெள்ள நடந்து மேற்கு வாசல் வரைக்கும் போய், இளநீர்க்காரர் மாரப்பனின் ஸ்டூலில் உட்கார்ந்து பேசிவிட்டு வந்தார். இருவரும் பழைய சிநேகிதம். மூன்று வாரம் இப்படிப் போனது. அப்புறம் அந்த ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம் சாப்பிட்டு முடித்து நாற்காலியில் இருந்து எழப் பார்த்தார், கால் வரவில்லை. கால் மரத்துப்போச்சாட்ட இருக்குது என்று சிரித்தார். அடுத்து கை வரவில்லை. உதடு வெளுத்தது. ஆட்டோவில் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு போனாள், ஊசிக்காக ஆபரேஷன் செய்து வைத்திருக்கும் அந்த இடத்தில் எப்போதும் தோலுக்கு அடியில் ஒரு ரீங்காரம் ஓடும், தேனீயைப் பிடித்து மூடி வைத்த மாதிரி. அது விட்டு விட்டு ஓடியது. பொட்டாசியம் ஏழைத் தொட்டுவிட்டது, இன்னும் அரை மணி நேரம் தாமதித்திருந்தால் ஒன்றும் செய்திருக்க முடியாது என்றார் டாக்டர். மிஷினில் போட்டு நாலு மணி நேரம் கழித்துத்தான் மனிதருக்கு முகத்தில் களை திரும்பியது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் துளசிமணியின் மனம் போய்ப் போய் முட்டிக்கொள்கிற இடம். டாக்டர் கோபமாகக் கேட்டார், என்ன சாப்பிட்டீங்க. ஒண்ணும் இல்லீங்க, வீட்டுச் சாப்பாடுதானுங்க என்றார் இவர். டாக்டர் நம்பவில்லை. பெங்களூரில் இருந்து மேகலா போனில் வந்தாள், ஸ்பீக்கரில் போடச் சொன்னாள். அப்பா, அந்த எளநீர்க் கடையில போய் தினமும் ஒக்காந்திருந்தீங்களாமே. ஒக்காந்திருந்தேன், குடிக்கலை. பொய் சொல்லாதீங்கப்பா, அம்மா எவ்வளவு கஷ்டப்பட்டு வேக வெச்சு வடிச்சுப் போடறாங்க, நீங்க இப்படிப் பண்ணா எப்படி. குடிக்கலை கண்ணு. மறுபடியும் டாக்டர், மறுபடியும் மேகலா, நடுவில் நர்ஸ் ஒருத்தி. சுற்றி நின்று எல்லோரும் கேட்டார்கள். அவர் துளசிமணியைப் பார்த்தார். துளசிமணி குனிந்து போர்வையின் சுருக்கத்தை நீவிக்கொண்டிருந்தாள். அவளுக்கு அப்போது ரசம் பற்றிய நினைப்பே இல்லை, அது சத்தியம். அவளும் இளநீர்தான் என்று நம்பினாள், நம்பி மனதுக்குள் அவரைத் திட்டிக்கொண்டும் இருந்தாள். கடைசியில் அவர் மெதுவாகச் சொன்னார், ஆமாங்க, குடிச்சுட்டனாட்ட இருக்குது. எல்லோருக்கும் நிம்மதி. டாக்டர் ஏதோ எழுதிக்கொண்டு போனார். அன்றையிலிருந்து அவர் சாயங்காலம் வெளியே போவதில்லை. ரசமும் வேண்டாம் என்றுவிட்டார், பயந்துபோய் அவள் வாங்கி வந்த பாக்கெட் பீன்ஸும் வெறும் சோறும்தான் போன செவ்வாய்க்கிழமை வரைக்கும். பேச்சும் குறைந்துவிட்டது. வீட்டில் எதையாவது வைத்த இடத்தைத் தேடுவார், அப்புறம் தேடுவதையும் விட்டுவிட்டு உட்கார்ந்துவிடுவார். மாத்திரையைப் போட்டோமா இல்லையா என்று ஒரே மாத்திரைக்கு மூன்று முறை கேட்டார். குற்ற உணர்ச்சியில் சோர்ந்துபோயிருக்கிறார், பட்டால்தான் புத்தி வரும், இருக்கட்டும் என்று அவளும் விட்டிருந்தாள்.

போன செவ்வாய்க்கிழமை ஷெரின் நோயாளிகளின் வீட்டுக்காரர்களை எல்லாம் வராந்தாவில் உட்கார வைத்துத் திரும்பவும் ஒருமுறை சொல்லிக் கொடுத்தாள். நறுக்குங்க, ஊற வைங்க, வேக வைங்க, வடிங்க. வடிச்ச தண்ணில சாம்பார் ரசம் எதுவும் வெச்சிராதீங்க, காய்ல இருக்கற பொட்டாசியமெல்லாம் அதுலதான் எறங்கி நிக்கும், கொண்டுபோய்ச் செடிக்கு ஊத்துங்க. பக்கத்தில் இருந்த அம்மாள் சிரித்து, அது யாரு வெப்பாங்க என்றாள். துளசிமணியும் சிரித்தாள். சிரித்த வாய் அப்படியே நின்றுவிட்டது. மூன்று நாளாக அந்தச் சிரிப்பை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அன்று மத்தியானத்தில் இருந்து வடித்த தண்ணீரைப் பின்பக்க வாழைக்கு ஊற்றுகிறாள், வெறும் தண்ணீரில் திரும்பவும் ரசம் வைக்கிறாள். அவர் ஒரு வாய் சாப்பிட்டு, ரசத்துல என்னமோ கொறையுது புள்ள என்றார். ஆனால் அதற்கும் ஒரு சமாதானம் கண்டுபிடித்தாள், மனசு அப்படித்தான், பிடித்துக்கொள்ள எதையாவது தேடும். அவரேதான் குடித்தேன் என்று சொல்லிவிட்டாரே. குடித்திருந்தால் இளநீரால்தான். ரசத்தாலும் கொஞ்சம் இருக்கலாம், இளநீரால் பெரும்பங்கு. பாதிப் பாதி என்றால்கூடத் தாங்கிக்கொள்ளலாம். இன்றைக்குக் காலையில் ரத்தம் எடுத்திருக்கிறார்கள், அளவு குறைந்திருந்தால்? அதுவும் ஒன்றையும் சொல்லாது. ரசத்தையும் மாற்றியாயிற்று, இளநீர்க் கடைக்கும் அவர் போவதில்லை. இரண்டையும் சேர்த்து நிறுத்தினால் எது காரணம் என்று எந்த மிஷினும் சொல்லாது. சொல்லக்கூடிய ஒரே ஆள் மாரப்பன். கேட்காமல் இருந்துவிட்டால் பாதிப் பாதி என்றே கடைசி வரைக்கும் வைத்துக்கொள்ளலாம். யாருக்கு என்ன நஷ்டம், அவர்தான் பிழைத்துவிட்டாரே. அவள் கத்தரிக்காய்க் கடையை விட்டு நகர்ந்து, வெண்டைக்காய், கொத்தவரை, பாகல், வாழைப்பூ என்று ஒவ்வொன்றாகக் கடந்து நடந்தாள். ஈரச் சாக்கின் வாசனையும் கொத்தமல்லி வாசனையும் மூக்கில் ஏறின. எல்லோர் கையிலும் பை நிரம்பி, கீரைக்கட்டு வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. பொறாமையாக இருந்தது. இவர்கள் எல்லோரும் எதை வேண்டுமானாலும் தின்னலாம், வடித்தும் தின்னலாம், வடித்ததைக் குடிக்கவும் செய்யலாம். கால் அவளை மேற்கு வாசலில் கொண்டுவந்து விட்டிருந்தது.

மாரப்பன் அப்போதுதான் வண்டியில் இருந்து குலைகளை இறக்கி அடுக்கிக்கொண்டிருந்தார். அவளைக் கண்டதும் துண்டை எடுத்து ஸ்டூலைத் துடைத்தார். அண்ணன் எப்படி இருக்காருங்க, ரெண்டு வாரமா ஆளையே காணோம், நானே வூட்டுப் பக்கம் வரோணும்னு இருந்தனுங்க என்றார். பரவாயில்லை என்று சொன்னாள். எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. நீ என் புருஷனுக்கு இளநீர் கொடுத்தாயா என்றால் சண்டைக்கு வந்த மாதிரி இருக்கும். அவர் இங்க வந்தப்ப எத்தனை குடிச்சாருன்னு ஆஸ்பத்திரில கேக்கறாங்க என்று ஒரு பொய்யைச் சேர்த்துக் கேட்டாள். மாரப்பன் கையில் இருந்த அரிவாளைக் கீழே வைத்தார். "குடிக்கறதாவது. ஒரு நா நானே பிஞ்சாப் பாத்துச் சீவி நீட்டினனுங்க. வேண்டாம் மாரப்பா, எங்கூட்டுல பாவம் காயெல்லாம் வேக வெச்சு வேக வெச்சுக் கை வெந்து கெடக்குது, நான் இதக் குடிச்சா அவ பட்டதெல்லாம் வீணாப் போயிரும்னு சொல்லிப்போட்டாருங்க. ஒரு சொட்டு வாயில பட்டதில்லீங்க. பேசறதுக்குத்தான் வருவாரு." துளசிமணி சரிங்க என்றாள். மாரப்பன் ஒரு இளநீரைச் சீவி அவளிடம் நீட்டினார், வெயிலேறுதுங்க குடிச்சுட்டுப் போங்க என்றார். வாங்கிக் குடித்தாள். இனிப்பாக, லேசான உப்புக் கரிப்போடு, குளிர்ச்சியாகத் தொண்டையில் இறங்கியது. புருஷன் குடிக்காததைத் தான் குடிக்கிறோம் என்று தெரிந்தே கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தாள். தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

ஆக, பாதிகூட இல்லை, முழுதும் அவள்தான். ஆஸ்பத்திரித் தெருவில் திரும்பியதும் ஒரு மெடிக்கல் கடைப் படியில் உட்கார்ந்தாள். விஷம் வைத்துக் கொல்கிறவர்கள்கூடத் தெரிந்துதான் வைப்பார்கள். இவள் மூன்று வாரம் மிளகு தட்டிப் போட்டு, கொத்தமல்லி கிள்ளிப் போட்டு, இன்னொரு கரண்டி போட்டுக்குங்க என்று கெஞ்சி வைத்திருக்கிறாள். சொல்லாமல் இருந்துவிடலாமா என்ற எண்ணம் அப்போதும் கூடவே உட்கார்ந்திருந்தது. சொன்னால் என்ன ஆகும். இனி அவள் கையால் வைக்கிற எதையும் அவர் பயமில்லாமல் சாப்பிடுவாரா. ஏற்கனவே பிடித்துத் தள்ளித்தான் சாப்பிட வைக்க வேண்டியிருக்கிறது, ஷெரின் எடை குறைகிறது என்று கவலைப்படுகிறாள். சோறு போடுகிற கையைச் சந்தேகப்பட்டால் மனிதன் எப்படிப் பிழைப்பான். மேகலாவுக்குத் தெரிந்தால், அம்மாவுக்கு வயசாகிவிட்டது, இனி அம்மாவை நம்பி அப்பாவை விட முடியாது என்று இருவரையும் பெங்களூருக்கு இழுத்துக்கொண்டு போய்விடுவாள். அங்கே ஆன்லைனில் காய் வரும், டப்பாவில் அடைத்து, எல்லாம் ஒரே அளவில். இதெல்லாம் நியாயமான காரணம்தான். ஆனால் ஒவ்வொரு காரணத்தையும் திருப்பிப் பார்த்தால் அதன் அடியில் அவளுடைய பயம்தான் இருந்தது, தான் கெட்ட பெயர் எடுக்கக் கூடாது என்கிற பயம். அவர் குடிக்கவில்லை. குடிக்காதவர் ஏன் குடித்தேன் என்று சொன்னார். அந்தக் கேள்வி இப்போதுதான் அவளுக்கு முழுதாக எழுந்தது. எல்லோரையும் வாயடைக்கச் சொன்னாரா. இல்லை, இவளைக் காப்பாற்றச் சொன்னாரா, அவருக்குத் தெரியுமா. தெரிந்திருந்தால் ரசத்தில் என்ன குறைகிறது என்று கேட்டிருக்க மாட்டாரே. அங்கேயே யோசனை நின்றுகொண்டது, எந்தப் பக்கமும் போகவில்லை. அவள் எழுந்து, பெரிய கடைக்குள் போய், உப்பில்லாத ஐஸ் பீன்ஸ் ஒரு பாக்கெட்டும் பட்டாணி ஒரு பாக்கெட்டும் வாங்கி, பையில் சுரைக்காய்க்குப் பக்கத்தில் வைத்தாள். கடையில் குளிர் பலமாக இருந்தது.

பதினொன்றுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது உள்ளே விட்டார்கள். ஊசியை எடுத்து, பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு, அவர் படுக்கையில் கால் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தார். ரிசல்ட் வந்திருந்தது, அளவு நாலரைதான், நல்லாருக்கு, இப்படியே இருங்க தாத்தா, எளநீர்ப் பக்கம் போயிராதீங்க என்று நர்ஸ் சொல்லிவிட்டு அடுத்த படுக்கைக்குப் போனாள். சரிங்க என்று அவர் தலையை ஆட்டினார், தப்புச் செய்த பிள்ளை தலையாட்டுகிற மாதிரி. அந்தத் தலையாட்டலைத் துளசிமணியால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. சொல்லலாமா என்று யோசித்ததெல்லாம் அந்த இடத்தில் அறுந்துபோயிற்று. அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"மாமா, நீங்க எளநி குடிக்கலீங்க. மாரப்பண்ணங்கிட்டக் கேட்டுட்டு வந்தேன். என்னோட ரசம்தானுங்க. காய் வேக வெச்ச தண்ணியக் கீழ ஊத்தாம அதுலயேதான் ரசம் வெச்சுப்போட்டேன். மூணு வாரமும். நான் பண்ணுன வேலைங்க அது. செவ்வாக்கெழமையே தெரிஞ்சுது. சொல்லறதுக்குப் பயந்துட்டு இருந்துட்டேன்."

அவர் கையில் இருந்த பஞ்சைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கோபப்படுவார் என்று காத்திருந்தாள். அடித்தால்கூடப் பரவாயில்லை என்றுதான் இருந்தது. அவர் நிமிர்ந்தபோது கண்ணில் நீர் கோத்திருந்தது, ஆனால் அது கோபம் இல்லை, வருத்தமும் இல்லை, என்னவென்று அவளுக்கு முதலில் பிடிபடவில்லை.

"நெசமாலுமா?"

"நெசமாலுங்க."

"நான் குடிக்கவே இல்லையா?"

"இல்லீங்க. ஒரு சொட்டு இல்லீங்க."

"நான் குடிச்சுப்போட்டு மறந்துட்டனோன்னு இருந்தேன் புள்ள. டாக்டரு சொல்றாரு, மேகலா சொல்றா, நீயும் தலையக் குனிஞ்சுட்டு நிக்கற. எனக்கு ஞாபகமே இல்ல. இத்தன பேரு சொன்னாச் செரியாத்தான் இருக்கும், நமக்குத்தான் புத்தி பேதலிச்சுப்போச்சாட்ட இருக்குதுன்னு நெனச்சேன். நேத்து உம் பேரு ஞாபகம் இருக்குதான்னு மனசுக்குள்ள சொல்லிச் சொல்லிப் பாத்துட்டு இருந்தேன்."

இரண்டு வாரமாக அவர் எதையோ தேடிக்கொண்டிருந்ததும், தேடுவதை விட்டதும், ஒரே மாத்திரையை மூன்று முறை கேட்டதும் என்னவென்று இப்போது புரிந்தது. ரசம் உடம்பைத்தான் படுக்க வைத்தது. தான் தலை குனிந்து நின்றது அவரை வேறெங்கோ கொண்டுபோய்த் தள்ளியிருக்கிறது. அவருடைய கையைப் பிடித்தாள், தோலுக்கடியில் ரீங்காரம் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. மன்னிச்சுக்குங்க என்று சொன்னாள். அது அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. அவர் இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு, மிஷினையும் குழாயையும் சுற்றியிருந்த படுக்கைகளையும் ஒரு சுற்றுப் பார்த்தார். பல நாள் கழித்து அவர் முகத்தில் அந்தப் பழைய தெளிவு வந்திருந்தது.

"அப்ப எனக்கு ஒண்ணுமில்ல" என்றார்.

அப்புறம் அடுத்த படுக்கைக்குப் பக்கத்தில் நின்றிருந்த நர்ஸைக் கூப்பிட்டு, ஏனுங்க, நான் எளநி குடிக்கலீங்க, எழுதி வெச்சிருக்கறத அடிச்சுப்போடுங்க என்று சத்தமாகச் சொன்னார். வார்டே திரும்பிப் பார்த்தது. நர்ஸ் ஒன்றும் புரியாமல் துளசிமணியைப் பார்த்தாள். துளசிமணி ஆமாம் என்று தலையை ஆட்டினாள். மேகலாவுக்கு போனைப் போடு என்று அவர் கையை நீட்டினார். நீங்க இருங்க, நான் சொல்றேன் என்று துளசிமணியே போனை எடுத்து, எண்ணைத் தேடி அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டாள்.